தோட்டத்துப் பறவைகளைக் கணக்கெடுத்த பிள்ளைகள்

பறவை ஆராய்ச்சி என்றதும் பைனாகுலரும் காட்டுப் பயணமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி, பள்ளிப் பிள்ளைகள் சமையலறை ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்ததில் தொடங்கியது.

1979 ஜனவரி. ஆர்.எஸ்.பி.பி. என்னும் பறவைகள் பாதுகாப்புச் சங்கம், தனது சிறுவர் பிரிவுக்குக் குளிர்காலத்தில் ஏதாவது வேலை கொடுக்க நினைத்தது. ஒரு மணி நேரம் தோட்டத்தைப் பார்த்து, வரும் பறவைகளை எழுதி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். சில நூறு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்த்தார்கள். பி.பி.சி.யின் 'ப்ளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சி இதை அறிவித்ததும் தபால் மூட்டை மூட்டையாக வந்தது. சுமார் 34,000 படிவங்கள்!

இதில் ஒரு முக்கியமான விதி உண்டு. ஒரு மணி நேரத்தில் வந்த பறவைகளை எல்லாம் கூட்டக்கூடாது. ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை சேர்ந்து இருந்தன என்பதை மட்டுமே எழுத வேண்டும். ஏனென்றால் ஒரே ராபின் பத்து முறை வந்து போனால் அது பத்து ராபின் ஆகிவிடும். (இந்த இடத்தில் பெரியவர்களே தவறு செய்வார்கள்!) ஒரு வீட்டுக் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகளில், அதே ஜனவரிக் கடைசியில், அதே விதிப்படி ஆண்டுதோறும் எண்ணும்போது மாற்றம் தெரிய ஆரம்பிக்கிறது.

தெரிந்தது நல்ல செய்தி அல்ல. 1979இல் ஒரு தோட்டத்துக்குச் சராசரியாக 15 ஸ்டார்லிங்குகள் (நம் மைனாவின் உறவு), 10 சிட்டுக்குருவிகள். முப்பது ஆண்டுகளுக்குள் ஸ்டார்லிங் ஐந்தில் நான்கு பங்கும், சிட்டுக்குருவி பாதிக்கு மேலும் குறைந்துவிட்டன. முதல் ஆண்டில் முதல் பத்து இடங்களுக்குள் இருந்த பாடும் த்ரஷ், 2009இல் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஸ்டார்லிங்கும் சிட்டுக்குருவியும் 2002இல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2001இல், பெரியவர்களும் கணக்கெடுப்பில் கலந்துகொள்ள அனுமதிக்கப்பட்டார்கள் என்பது வேடிக்கை. அதுவரை சுமந்தவர்கள் பிள்ளைகள்தான்.

அன்புடன் தீனி வைத்த இடமே ஆபத்தானதும் உண்டு. 2005க்குப் பிறகு ட்ரைக்கோமோனோசிஸ் என்ற நோய் க்ரீன்ஃபிஞ்ச் பறவைகளிடையே பரவியது. எச்சில் பட்ட தீனி, தண்ணீர் வழியே தொற்றும் நோய் இது. 2021இல் அந்தப் பறவையும் சிவப்புப் பட்டியலுக்குப் போனது. பொது முடக்கக் காலமான அதே ஆண்டு, பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஜன்னலோரம் அமர்ந்து எண்ணினார்கள்.

பல ஆண்டுகளாக அந்தக் கணக்கெடுப்பில் முதலிடம் சிட்டுக்குருவிக்குத்தான். பத்திரிகைத் தலைப்புகளைப் பார்த்தால் அது செழிப்பாக இருப்பதாகவே தோன்றும். 1979இல் அது இரண்டாம் இடத்தில் இருந்தபோது, தோட்டத்துக்குப் பத்து இருந்தன.