பூத், செரி

செரி பூத் (பிறப்பு: 1954, பெரி, இங்கிலாந்து) வேலைவாய்ப்பு, மனித உரிமைச் சட்டங்களில் தேர்ந்த பிரித்தானிய வழக்குரைஞர், முன்னாள் பிரதமர் டோனி பிளேரின் மனைவி. லண்டன் பொருளியல் பள்ளியில் சட்டத்தில் முதல் வகுப்பில் தேறி, 1976இல் வழக்குரைஞர் தேர்வில் முதலிடம் பெற்றார். 1980இல் மணம். 1983 பொதுத்தேர்தலில் வட தானெட்டில் தொழிற்கட்சி வேட்பாளராகத் தோற்றார். அதே தேர்தலில் கணவர் செட்ஜ்ஃபீல்டில் வென்றார். நீதிமன்றத்தில் தொடர்ந்து பூத் என்ற பெயரிலேயே வாதாடினார்.

இவரது தொழில் கணவரின் பதவிநிழலில் வளர்ந்தது என்ற கருத்து சான்றுகளோடு பொருந்தவில்லை. அரசியின் வழக்குரைஞர் என்ற தகுதி 1995இல், பிளேர் எதிர்க்கட்சித் தலைவரான மறு ஆண்டில், கிடைத்தது உண்மையே. ஆனால் அதற்குள் இவர் பத்தொன்பது ஆண்டுகள் வழக்காடியிருந்தார். பிரதமரின் மனைவியாக இருந்தபோதே, 2000இல், தொழிற்சங்கப் பேரவைக்காக அரசுக்கு எதிராக வாதாடினார். 1999 டிசம்பர் 15க்கு முன் பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்குப் பெற்றோர் விடுப்பை மறுத்த விதியே அங்கு வழக்கானது. பின்னர் அரசு அவ்வரம்பைத் தளர்த்தியது. பள்ளியில் ஜில்பாப் என்ற நீண்ட அங்கி அணியும் உரிமை கோரிய மாணவிக்காக 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 2006இல் அத்தீர்ப்பை மாற்றியது. மேட்ரிக்ஸ் சேம்பர்ஸ் என்ற வழக்குரைஞர் குழுமத்தின் நிறுவனர்களுள் ஒருவர். 2008இல் பெண் தொழில்முனைவோருக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார்.