ஏரி நகரை ஆண்ட கொன்சாகா குடும்பம்

வட இத்தாலியில் மின்சியோ ஆறு அகன்று ஏரிகளாகத் தேங்கும் இடத்தில் அமைந்த நகரம் மாந்துவா. கொன்சாகா குடும்பம் இந்நகரை 1328 முதல் 1708 வரை, 380 ஆண்டுகள் ஆண்டது. மேற்கே மிலான், கிழக்கே வெனிஸ் என இரு பெரும் அரசுகளுக்கு நடுவே சிக்கிய சிற்றரசு அது. தனித்து நின்று இரண்டையும் எதிர்க்கும் வலு அதற்கு இல்லை. போர்த்தொழிலில் ஈட்டிய பணத்தைக் கல்விக்கும் கலைக்கும் செலவிட்டே கொன்சாகாக்கள் ஐரோப்பிய அரசவைகளில் தங்கள் மதிப்பை உயர்த்திக்கொண்டனர்.

1328 ஆகஸ்டில் லூயிஜி கொன்சாகா, வெரோனாவின் படைத் துணையோடு பொனகோல்சி குடும்பத்தை வீழ்த்தி நகரைக் கைப்பற்றினார். அவருடைய வழித்தோன்றல்கள் படை திரட்டி, சம்பளம் தரும் அரசுகளுக்காகப் போரிட்டனர். ஜான்பிரான்செஸ்கோ முதலில் வெனிஸுக்குப் படை நடத்தினார்; பிறகு மிலான் பக்கம் சேர்ந்தார். 1433இல் புனித ரோமப் பேரரசர் சிகிஸ்முண்ட் அவருக்கு மார்க்விஸ் பட்டம் அளித்தார். பேரரசரின் உறவினரான பார்பரா, ஜான்பிரான்செஸ்கோவின் மகன் லுடோவிகோவுக்கு மணம் பேசப்பட்டார்.

ஜான்பிரான்செஸ்கோ 1423இல் அறிஞர் விட்டோரினோ தா ஃபெல்ட்ரேயை வரவழைத்துத் தம் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். லத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றோடு உடற்பயிற்சியும் அங்கே பாடமாயிற்று. அரச குடும்பத்துப் பிள்ளைகளுடன் ஏழை மாணவர்களும் கட்டணமின்றிப் படித்தனர். ஜான்பிரான்செஸ்கோவின் மகள் செசிலியா சிறு வயதிலேயே கிரேக்கம் கற்றார்.

அந்தப் பள்ளியில் படித்த லுடோவிகோ 1444 முதல் 1478 வரை ஆண்டார். 1459இல் போப் இரண்டாம் பயஸ் கூட்டிய மாநாடு மாந்துவாவில் நடந்தது. அடுத்த ஆண்டு ஓவியர் மான்டெஞ்யா அரசவைப் பணியில் சேர்ந்தார். கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட்டி நகரில் இரு தேவாலயங்களை வடிவமைத்தார். மான்டெஞ்யா 1474இல் முடித்த அரண்மனை அறை இன்றும் அந்த ஆட்சியைக் கண்முன் நிறுத்துகிறது. சுவரில் லுடோவிகோ ஒரு கடிதத்தைக் கையில் பிடித்தபடி, அருகே குனிந்து நிற்பவரிடம் திரும்பிப் பேசுகிறார். நாற்காலிக்கு அடியில் அவருடைய நாய் படுத்திருக்கிறது. மனைவியும் பிள்ளைகளும் சுற்றிலும் இருக்கின்றனர். தலையை உயர்த்தினால் கூரை வட்டமாகத் திறந்து வானம் தெரிவதுபோல் இருக்கும். விளிம்பிலிருந்து பெண்களும் குழந்தைகளும் கீழே எட்டிப் பார்க்கின்றனர். அத்தனையும் வண்ணத்தால் வந்த மாயம்.

ஃபெராராவை ஆண்ட எஸ்தே குடும்பத்தின் மகள் இசபெல்லா, 1490இல் பிரான்செஸ்கோ கொன்சாகாவை மணந்து மாந்துவாவுக்கு வந்தார். ஓவியங்களையும் பழஞ்சிற்பங்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். லியனார்டோ தா வின்சி அவருடைய உருவத்தை வரைந்தார். 1509இல் வெனிஸ் படையினர் அவர் கணவரைச் சிறைப்பிடித்தபோது, அரசை ஏற்று நடத்தியவர் இசபெல்லாதான். கணவரின் விடுதலைக்காக, மகன் ஃபெடரிகோவைப் பிணையாக ரோமுக்கு அனுப்ப நேர்ந்தது.

அந்த ஃபெடரிகோவுக்கு 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் டியூக் பட்டம் அளித்தார். ஜூலியோ ரொமானோ அவருக்காக தே மாளிகையைக் கட்டினார். பின்னர் ஆண்ட டியூக் வின்சென்சோவின் அவையில் ரூபன்ஸ் ஓவியராக இருந்தார். 1607இல் மொன்டெவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ இசைநாடகம் அரங்கேறியது.

ஆடம்பரம் கடனில் முடிந்தது. 1627 முதல் ஓவியங்களின் பெரும்பகுதி இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் நேர்வாரிசு அற்றுப்போக, வாரிசுரிமைப் போர் மூண்டது. 1630இல் பேரரசின் படைகள் நகரைச் சூறையாடின. கொள்ளைநோயும் மக்களை வாரிக்கொண்டு போனது. பிரான்ஸில் வாழ்ந்த கிளைக் குடும்பம் ஆட்சிக்கு வந்தும் பழைய செழிப்பு திரும்பவில்லை. ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் பிரான்ஸ் பக்கம் நின்ற கடைசி டியூக் ஃபெர்டினாண்டோ கார்லோ, தம் அரசை இழந்து 1708இல் இறந்தார். மாந்துவா ஆஸ்திரியாவின் வசமாயிற்று.