காய்ச்சினால் விஷம் போய்விடுமா? ஒரு சாராயப் பானையின் வரலாறு

1.
சின்ன காஞ்சிபுரத்திலிருந்து மாதாமாதம் சுகர் மாத்திரை வாங்க ஒரு ஐயா வருவார். ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். போன முறை சீட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்: "டாக்டர், வார்னிஷு, ஸ்பிரிட்டு எல்லாத்தையும் நல்லா காய்ச்சி வடிச்சா அதுல இருக்குற விஷம் போயிடும்னு சொல்றாங்களே, நெசமா?"

எதுக்குங்க ஐயா கேக்குறீங்கன்னு கேட்டேன். "எங்க அண்ணன் அப்படித்தான் நம்புனாரு. எழுபதுகள்ல. ரெண்டு கண்ணும் போச்சு."

ஓ.பி. வரிசை நீண்டு கிடந்தது. "போகாதுங்க ஐயா"ன்னு மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்குச் சொல்லாமல் விட்ட முழு பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2.
முதலில் வடித்தல் என்றால் என்ன?

நம் வீட்டு ஓமத் தண்ணீரே வடித்ததுதான். சித்த மருத்துவத்தில் இதைத் தீநீர் என்பார்கள். ஓமத்தைத் தண்ணீரோடு கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது. அந்தக் கருவிக்குப் பெயர் வாலை.

சாராயத்துக்கும் அதே தத்துவம்தான். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். குடிக்கும் சாராயமான எத்தனால் கொதிப்பது 78.3 டிகிரியில். ஊறலைச் சூடாக்கினால் மேலே வரும் ஆவியில் எத்தனால் அதிகமாக இருக்கும். அதைக் குளிரவைத்து மறுபடி காய்ச்சினால் இன்னும் அதிகமாகும்.

அப்படியானால் காய்ச்சிக்கொண்டே போனால் ஒருநாள் 100 சதவீதம் சுத்தமாகிவிடும்தானே?

ஆகாது.

3.
எடைக்கணக்கில் 95.6 சதவீதம் வந்ததும் நின்றுவிடும். மீதி 4.4 சதவீதம் தண்ணீர் போகவே போகாது.

காரணம் இதுதான். அந்த அளவில் மேலே போகும் ஆவியிலும் அதே 95.6, கீழே கிடக்கும் திரவத்திலும் அதே 95.6. இரண்டும் சேர்ந்து, ஒரே பொருள் மாதிரி, 78.2 டிகிரியில் கொதிக்கும். அடுத்து ஆயிரம் தடவை வடித்தாலும் போட்டதே திரும்பி வரும்.

இதுக்குப் பள்ளிப் புத்தகத்துப் பெயர் கொதிநிலை மாறாக் கலவை. உலகம் சொல்லும் பெயர் அசியோட்ரோப். அந்தப் பெயரை 1911ல் வேட், மெரிமன் என்ற இருவர் வைத்தார்கள். 'கொதித்தாலும் மாறாதது' என்று பொருள் வரும் கிரேக்கச் சொற்களின் கூட்டு.

4.
இப்படி ஒன்றாகக் கொதிப்பதைப் பார்த்துவிட்டு, இது கலவையே இல்லை, தனிச் சேர்மம் என்றுகூட ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1860ல் ஹென்றி ராஸ்கோ அதை உடைத்தார். அவர் எடுத்துக்கொண்டது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தண்ணீரும். அழுத்தத்தை மாற்றினால் இந்த விகிதமும் மாறுவதைக் காட்டினார். நிஜமான சேர்மமாக இருந்தால் விகிதம் மாறாதே! ஆக, கலவைதான். ஆனால் அடுப்பால் மட்டும் பிரிக்க முடியாத கலவை.

5.
அப்போ சுத்தமான ஆல்கஹாலை யாருமே எடுக்கவில்லையா? எடுத்தார்கள்.

1796ல் ரஷ்யாவில் இருந்த டோபியாஸ் லோவிட்ஸ், ஈரமில்லாத காரத்தைப் போட்டுத் தண்ணீரை உறிஞ்சவிட்டு, பிறகு மெல்லிய சூட்டில் வடித்தார்.

1902ல் பிரிஸ்டலில் இருந்த சிட்னி யங் செய்தது இன்னும் சுவாரசியம். தண்ணீரை விரட்ட மூன்றாவதாக ஒரு ஆளை உள்ளே விட்டார். அது பென்சீன்.

ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு. சுமார் 65 டிகிரியில் பென்சீன், தண்ணீர், கொஞ்சம் எத்தனால் மூன்றும் சேர்ந்து கிளம்பும். அதிலேயே தண்ணீர் முழுவதும் போய்விடும். அடுத்து சுமார் 68 டிகிரியில் மிச்ச பென்சீன் கொஞ்சம் எத்தனாலைக் கூட்டிக்கொண்டு போகும். கடைசியில் 78.3 டிகிரியில் தண்ணீரில்லாத எத்தனால் வரும்.

ஒன்றைக் கவனியுங்கள். வெளியே அனுப்ப இன்னொரு விஷத்தை உள்ளே விட வேண்டியிருந்தது. பென்சீன் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அதனால் இன்று பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைப் பெரும்பாலும் மூலக்கூறு சல்லடை என்ற உறிஞ்சும் பொருள் வழியாகச் செலுத்தித்தான் தண்ணீரை நீக்குகிறார்கள்.

6.
நம் ஆஸ்பத்திரிக்கு அந்தக் கடைசி 4 சதவீதம் தண்ணீர் ஒரு பிரச்சினையே இல்லை. கொரோனாவில் கையில் தேய்த்தீர்களே, அந்தத் திரவத்துக்கு உலக சுகாதார நிறுவனம் தந்த செய்முறை தொடங்குவதே 96 சதவீத எத்தனாலில். அதில் மேலும் தண்ணீர் சேர்த்து 80க்கு இறக்குவார்கள். கிருமியின் புரதத்தைக் கெடுக்கத் தண்ணீரும் வேண்டும்.

7.
சரி, விஷம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் வரலாறு கசக்க ஆரம்பிக்கிறது.

பெயிண்ட், வார்னிஷ், மருந்து என எல்லாத் தொழிலுக்கும் ஆல்கஹால் வேண்டும். குடிக்கும் ஆல்கஹாலுக்குக் கடுமையான வரி. தொழிலுக்கு வரியில்லாமல் கொடுத்தால் அதையும் குடித்துவிடுவார்கள். என்ன செய்வது? 1855ல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. மர ஸ்பிரிட்டைக் கலந்து குடிக்க முடியாததாக்கிவிட்டால் வரி கிடையாது. அந்த மர ஸ்பிரிட்டின் முக்கியப் பொருள்தான் மெத்தனால்.

காய்ச்சிப் பிரித்துவிடக் கூடாது என்பதுதான் இப்படிக் கலப்பதன் நோக்கமே! எளிதில் பிரிக்க முடியாத பொருளாகப் பார்த்துத்தான் கலக்கிறார்கள்.

8.
1920களில் அமெரிக்காவில் மதுவிலக்கு. கடத்தல்காரர்கள் வேதியியல் படித்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்து, தொழிற்சாலை ஸ்பிரிட்டைத் திரும்பக் குடிக்கத் தக்கதாக்கப் பார்த்தார்கள். அரசு பதிலுக்கு மெத்தனால் அளவைக் கூட்டியது. ஆட்கள் செத்தார்கள். நியூயார்க்கின் தலைமைப் பிணக்கூறாய்வு மருத்துவர் சார்லஸ் நாரிஸ், சாவது ஏழைகள்தான் என்று வெளிப்படையாக எதிர்த்தார். மருத்துவர் என்ற முறையில் எனக்குப் பிடித்த மனிதர்.

9.
நம் கதைக்கு வருவோம். 1937ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். காஞ்சி தந்த முதலமைச்சர் அண்ணா கடைசிவரை அதை விடவில்லை. 1971ல் விலக்கு தளர்ந்தது, பிறகு வந்தது, மறுபடி போனது. 1983ல் டாஸ்மாக். சட்டம் எப்படி மாறினாலும் கடைச் சரக்குக்குக் காசில்லாதவன் குடிக்கும் பாக்கெட் மட்டும் மாறவில்லை.

2001ல் பண்ருட்டிப் பக்கம் 50க்கும் மேற்பட்டோர். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர். கடைசி இரண்டிலும் குற்றவாளி மெத்தனால்.

10.
இப்போ ஐயாவின் கேள்வி. மெத்தனால் கொதிப்பது 64.7 டிகிரியில். அது எத்தனாலோடும் தண்ணீரோடும் மாறாக் கலவை ஆகாது. "அப்போ முதலில் வருவதைக் கொட்டிவிட்டால் போச்சே!" என்பார்கள்.

அங்கேதான் ஏமாறுகிறோம். இரண்டின் கொதிநிலைக்கும் இடையே 14 டிகிரிகூட இல்லை. முதல் சொட்டிலும் எத்தனால் இருக்கும், கடைசி சொட்டிலும் மெத்தனால் இருக்கும். உயரமான கோபுரம் வைத்துத் திரும்பத் திரும்ப ஆவியாக்கிக் குளிர்விக்கும் ஆலையில்தான் இது பிரியும். பானையில் பிரியாது. அதிலும் பாக்கெட்டில் இருப்பதே பெரும்பாலும் மெத்தனால் என்றால், எதிலிருந்து எதைப் பிரிப்பீர்கள்?

நிறம், மணம், ருசி எதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது.

11.
உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கல்லீரல் மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். இந்த அமிலம்தான் கண் நரம்பைக் கருக்குகிறது, ரத்தத்தை அமிலமாக்குகிறது. 10 மில்லி பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லி உயிரைப் பறிக்கலாம்.

கொடுமை என்னவென்றால், இது உடனே தெரியாது. 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். கூடவே நல்ல சாராயமும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். "நேத்து குடிச்சேன், ஒண்ணும் ஆகலையே"ன்னு சொல்லி நாலு பேருக்கு ஊற்றிக் கொடுப்பார்கள்.

12.
வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, வேகமாக மூச்சு வாங்குதல், கண்முன் பனிமூட்டம் மாதிரி வெள்ளையாகத் தெரிதல். குடித்தவருக்கு இதில் எது இருந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். மோர் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். போதை தெளியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவரோடு குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் சேர்த்து அழைத்து வாருங்கள்.

இதற்கு மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. என்ன குடித்தார் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். போலீஸுக்குப் பயந்து மறைத்ததால் இழந்த நேரம் திரும்ப வராது. எங்களுக்கு முதலில் நீங்கள் நோயாளி. மற்றதெல்லாம் பிறகு.

13.
அந்த ஐயா இந்த மாதமும் வந்தார். வரிசை குறைவாக இருந்தது. உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எங்க அண்ணன் நல்லா பாவு பூட்டுவாரு டாக்டர். கண்ணு போனப்புறமும் விரல்ல இழையத் தடவிப் பாத்து எங்க அறுந்திருக்குன்னு சொல்லுவாரு. காய்ச்சுனா போயிடும்னு அவருக்கு யாரோ சொன்னாங்க. போகாதுன்னு சொல்லத்தான் ஒருத்தரும் இல்ல."

போகாது.

உங்கள் தெருவில் யாருக்கு இது தேவையோ, அவருக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள்.