பேராசிரியர்கள் பனியில் நின்ற கதை

2018 பிப்ரவரி கடைசி வாரம். இங்கே நாக்பூரில் வெயில் தலைகாட்ட ஆரம்பித்திருந்தது. இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகன் போன் செய்தான். “அத்தை, இங்க க்ளாஸே நடக்கல. புரொஃபசருங்க எல்லாம் கொட்டுற பனியில வாசல்ல அட்டையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. கேட்டா பென்ஷனாம். அவங்க பென்ஷனுக்கு நான் ஏன் அத்தை க்ளாஸை விடணும்?”

நியாயமான கேள்விதானே? ஒரு வருடப் படிப்பு. அண்ணா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி அனுப்பியிருந்தார். அன்றைக்கு என்னால் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. இப்போது என் பெண்ணும் வெளிநாட்டுப் படிப்பு என்று ஆரம்பித்திருக்கிறாள். அதனால் மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் பழைய பல்கலைக்கழகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு என்று 1974இல் உருவானது யூ.எஸ்.எஸ். என்ற ஓய்வூதியத் திட்டம். கடைசிச் சம்பளத்தை வைத்துப் பென்ஷன் என்பதுதான் ஆரம்பத்தில் ஏற்பாடு. 2011இல் புதிதாகச் சேருபவர்களுக்கு அதை நிறுத்தினார்கள். 2016இல் எல்லோருக்குமே நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வருடச் சம்பளத்திலும் 75இல் ஒரு பங்கு பென்ஷனாகச் சேரும் என்று மாற்றினார்கள். அதுவும் 55,000 பவுண்டு சம்பளம் வரைக்கும்தான். இருந்தாலும் கையில் எவ்வளவு வரும் என்பது உறுதியாகத் தெரியும்.

2017இல் நிதியைக் கணக்குப் பார்த்தபோது முதலில் 510 கோடி பவுண்டு பற்றாக்குறை என்றார்கள். முதலீட்டை இன்னும் ஜாக்கிரதையாக வைத்துக்கொள்வதாகக் கணக்குப் போட்டதும் அதே பற்றாக்குறை 750 கோடி ஆனது! நிர்வாகங்களின் அமைப்பான யுனிவர்சிட்டீஸ் யூ.கே., இனிமேல் உறுதியான பென்ஷனே வேண்டாம், ஆளுக்கொரு கணக்கு, சந்தை கொடுப்பதுதான் பென்ஷன் என்றது. சாதாரண விரிவுரையாளருக்கு வருடத்துக்குச் சுமார் 10,000 பவுண்டு குறையும் என்றது ஆசிரியர் சங்கமான யூ.சி.யு. நிர்வாகங்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பற்றாக்குறை என்பது என்ன? பெட்டியில் பணம் காணாமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வங்கிக்காரியாக ஒரு கணக்குச் சொல்கிறேன். 10 வருடம் கழித்து ஒரு லட்சம் ரூபாய் தரவேண்டும். வட்டி 8 சதவீதம் என்றால் இன்று 46,319 ரூபாய் போட்டால் போதும். 4 சதவீதம் என்றால் 67,556 ரூபாய் வேண்டும். வாக்கு ஒன்றுதான், வட்டி அனுமானம்தான் வேறு. பத்து வருடத்துக்கே இப்படி என்றால், நாற்பது, ஐம்பது வருடம் தள்ளித் தரவேண்டிய பென்ஷனுக்கு யோசித்துப் பாருங்கள்.

நிர்வாகங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. சம்பளத்தில் 18 சதவீதம் அவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஊழியர்கள் 8 சதவீதம். அதற்கு மேல் கட்டினால் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் கை வைக்கவேண்டும் என்றார்கள்.

பிப்ரவரி 22இல் தொடங்கிய வேலைநிறுத்தம் நான்கு வாரங்களில் 14 நாட்கள் நடந்தது. அறுபதுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள். அந்த நாட்களுக்கு ஊழியர்களுக்குச் சம்பளம் கிடையாது. மாணவர்களில் ஒரு பகுதியினர் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். இன்னொரு பகுதியினர் ஆசிரியர்களோடு சேர்ந்து பனியில் நின்றார்கள். மார்ச் 12இல் வந்த சமரசத்தை மறுநாளே உறுப்பினர்கள் நிராகரித்தார்கள். ஏப்ரலில், நிபுணர் குழு வைத்து மறுபடி கணக்குப் பார்ப்பது என்று ஓட்டெடுப்பில் முடிவானது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2020 மார்ச் 31, கொரோனாவில் சந்தை சரிந்து கிடந்த நேரம். அன்றைய கணக்குப்படி பற்றாக்குறை 1,410 கோடி. 2022 ஏப்ரலில் 75இல் ஒரு பங்கு 85இல் ஒரு பங்காகக் குறைந்தது. மறுபடி வேலைநிறுத்தங்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2020இல் 0.1 சதவீதமாக இருந்த பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டி, 2023 மார்ச்சில் 4.25 ஆனது. நீண்டகால அரசுக் கடன்பத்திரங்களின் வருமானமும் ஏறியது. அந்த மாதக் கணக்கில் அதே நிதியில் 740 கோடி பவுண்டு உபரி! 2024 ஏப்ரலில் 75இல் ஒரு பங்கு திரும்பி வந்தது.

2018இல் சங்கம் தோற்று எல்லாம் தனிக் கணக்காகியிருந்தால், இந்த உபரி வந்தபோது திரும்பக் கொடுக்கப் பழைய ஏற்பாடே இருந்திருக்காது. அந்தப் பனியில் நின்றதற்கு இதுதான் காரணம். பணம் எவ்வளவு என்பதைவிட, சந்தை விழுந்தால் யார் தலையில் விழும் என்பதுதான் சண்டை.

இது நமக்கு ஒன்றும் புதிதில்லை. எங்கள் கிளையிலேயே பார்க்கலாம். எனக்கு 1995 விதிகளின்படி பென்ஷன் உண்டு. 2010 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலைக்கு வந்த பக்கத்து சீட் பையனுக்கு என்.பி.எஸ். ஒரே வேலை, ஒரே கவுண்டர். எனக்கு எவ்வளவு வரும் என்று தெரியும், அவனுக்குத் தெரியாது.

அண்ணன் மகன் இப்போது ஹைதராபாத்தில் வேலையில் இருக்கிறான். அவனுக்கும் என்.பி.எஸ்.தான். போன வாரம் கேட்டான், “அத்தை, அறுபது வயசுல எனக்கு மாசம் எவ்வளவு வரும்?”

“சந்தையைக் கேளுடா” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அப்ப அந்த புரொஃபசருங்க…” என்று இழுத்தான்.

“ஆமாண்டா, அதுக்குத்தான்” என்றேன்.