மருந்து வருவதற்கு முன்

மாடம்பாக்கத்துக்காரர்களுக்கு ‘சானடோரியம்’ என்றால் தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையம். 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை தந்த பெயர் அது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல்தான். அதுவரை சிகிச்சை என்றால் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. அப்புறம், கிட்டே வரத் தயங்காத ஒரு நர்ஸ்.

1990களில் எச்.ஐ.வி. நோயாளிகள் இங்கே வந்தபோது அதே கதை திரும்பியது. இலவச கூட்டுமருந்து 2004இல்தான் வந்தது. அதற்குள் சொந்தக்காரர்களே தொடப் பயந்தார்கள்.

முதன்முதலாக வார்டுக்குள் நுழையும் நர்சிங் மாணவிக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்துவிடலாம். பயமும் அருவருப்பும் வந்தால் என்ன செய்வது? வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். சீனியர் ஒருத்தர் ‘எனக்கும் வந்துச்சும்மா’ என்று சொன்னால், அவள் மறுநாளும் கட்டிலருகே வந்து நிற்பாள்.