வீட்டு மின்கட்டண ஒப்பீடு: வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள்

வீட்டு மின்கட்டண ஒப்பீடு என்பது, ஒரு குடும்பம் தான் செலவழிக்கும் மின்சாரத்துக்கு யாரிடம், எந்த விகிதத்தில் பணம் கட்டினால் மலிவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது. விற்பவர் பலர் உள்ள நாடுகளில் ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் செய்கிற வேலை இது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் கிராமப்புறக் கொம்யூன்களான வில்லியனூரிலும் பாகூரிலும் விற்பவர் ஒருவர்தான்: புதுச்சேரி அரசின் மின்துறை. அதற்காக ஒப்பீடு நடக்காமல் இல்லை. பல இடங்களில் வயல் வரப்பைத் தாண்டினால் கடலூர் மாவட்டமோ விழுப்புரம் மாவட்டமோ வந்துவிடுகிறது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் எல்லைக்கு இரு பக்கமும் இருப்பதால், "உங்க ஊர்ல கரண்ட் பில்லு எவ்வளவு வருது?" என்ற கேள்வி கல்யாணப் பந்தியிலும் எழும்.

மின்சாரம் வரும் வழி

பிரதேசத்துக்குச் சொந்தமாக இருப்பது காரைக்கால் பகுதியில் புதுச்சேரி மின்திறல் குழுமம் நடத்தும் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் மட்டுமே. மற்றதெல்லாம் விலைக்கு வாங்குவது. நெய்வேலி, கல்பாக்கம், கூடங்குளம், ராமகுண்டம் போன்ற மத்திய நிலையங்களில் உள்ள பங்குதான் பெரும்பகுதி. உயர் அழுத்தத்தில் வருவது வில்லியனூர், பாகூர் துணைமின் நிலையங்களில் படிப்படியாக இறக்கப்பட்டு, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வீட்டு மீட்டருக்கு வந்து சேர்கிறது.

விலையை வைப்பது மின்துறை அல்ல. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொதுவான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதை முடிவு செய்கிறது. அதன் அலுவலகம் டெல்லியை ஒட்டிய குருகிராமில் இருக்கிறது. ஆண்டுதோறும் மின்துறை மனு போடும், ஆணையம் புதுச்சேரிக்கு வந்து மக்கள் கருத்தைக் கேட்கும், பிறகு ஆணை வரும். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம். நகரத்துக் கூடத்தில், வேலைநாளில் நடக்கும் கூட்டத்துக்குப் பாகூரில் நாற்று நடுகிறவர் எப்படிப் போவார் என்பது வேறு கேள்வி.

ஸ்லாப் கணக்கு

இரு பக்கத்து பில்லையும் மொத்தத் தொகையை வைத்து ஒப்பிட்டால் கணக்கு தவறும். புதுச்சேரியில் மாதத்துக்கு ஒரு பில்; தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. முதலில் இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அடுத்து ஸ்லாப், அதாவது அடுக்கு.

2023-24 நிதியாண்டில் புதுச்சேரியில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு ரூ. 2.25, அடுத்த 100க்கு ரூ. 3.25, அதற்கடுத்த 100க்கு ரூ. 5.40, 300க்கு மேல் ரூ. 6.80. அதே காலத்தில் தமிழ்நாட்டில் நடப்பிலிருந்தது 2022 செப்டம்பர் ஆணை. இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். 200 வரை ரூ. 2.25, 400 வரை ரூ. 4.50, 500 வரை ரூ. 6. மொத்தம் 500ஐத் தாண்டிய வீட்டுக்கு அட்டவணையே வேறு: இலவச 100 போக 400 வரை ரூ. 4.50, 500 வரை ரூ. 6, 600 வரை ரூ. 8, 800 வரை ரூ. 9, அதற்குமேல் ரூ. 10, ரூ. 11. இரு பக்கமும் விகிதங்கள் பிறகு மாறிவிட்டன. ஒரே நேரத்தில் நடப்பிலிருந்தவை என்பதால், கணக்கு போடும் முறையைக் காட்ட இவை போதும்.

மாதம் 100 யூனிட் ஓடும் வீடு, அதாவது இரண்டு மின்விசிறி, நான்கைந்து விளக்கு, ஒரு டிவி, மிக்ஸி உள்ள வீடு. வில்லியனூரில் மாதம் 225 ரூபாய். எல்லைக்கு அந்தப் பக்கம் இரண்டு மாதத்துக்கே 225 ரூபாய், அதாவது மாதம் 112.50. சரிபாதி. மாதம் 200 யூனிட் என்றால் இங்கே 550, அங்கே 562.50, கிட்டத்தட்ட சமம். மாதம் 400 யூனிட் ஓடும் ஏசி வீட்டுக்கு இங்கே 1,770, அங்கே 2,275. எளிய வீட்டுக்குத் தமிழ்நாடும் வசதியான வீட்டுக்குப் புதுச்சேரியும் மலிவாக இருந்தன. "பாண்டியில் எல்லாமே மலிவு" என்ற பேச்சுக்கு மின்சாரம் பாதிதான் சாட்சி.

தமிழ்நாட்டு அட்டவணையில் ஒரு பள்ளமும் உண்டு. 500 யூனிட்டில் நின்றால் 1,725 ரூபாய். 501 ஆனால் கணக்கு முதலிலிருந்து மாறி 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரத்தில் வீட்டுக்காரர் மீட்டர் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பது வீண் பதற்றம் அல்ல. புதுச்சேரியில் 301ஆவது யூனிட்டுக்கு 6 ரூபாய் 80 காசு கூடுவதோடு சரி.

மேலே சொன்னவை யூனிட் கட்டணம் மட்டும். தமிழ்நாடு 2022இல் வீடுகளுக்கு நிலைக்கட்டணத்தை எடுத்துவிட்டது. புதுச்சேரி பில்லில் நிலைக்கட்டணமும் பிற கூடுதல் தொகைகளும் தனி வரிகளாக வரும். ஊர் ஒப்பீடுகளில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த வரிகள்தான்.

தனியார்மயமும் தேர்வும்

தனியார்மயமும், விற்பவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றல்ல. யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகம் தனியாருக்குப் போகும் என்று 2020 மே மாதம் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். புதுச்சேரிச் சட்டப்பேரவை அந்த ஆண்டே எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2022 செப்டம்பர் இறுதியில் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டதும் மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பிரதேசம் முழுக்க மின்தடை, இருட்டில் சாலை மறியல். தாத்ரா நகர் ஹவேலி, டாமன் டையூவில் 2022 ஏப்ரலில் டோரன்ட் குழுமமும், சண்டிகரில் 2025 பிப்ரவரியில் கோயங்கா குழுமமும் விநியோகத்தை ஏற்றுக்கொண்டன. அங்கேயும் ஒரு வீட்டுக்கு விற்பவர் ஒருவரே. கடைக்காரர் மாறினார், கடை ஒன்றுதான்.

ஒரே பகுதியில் இரண்டு உரிமதாரர்கள் இருக்க 2003 சட்டம் இடம் தருகிறது. ஆனால் இரண்டாமவர் தன் சொந்தக் கம்பியில் விற்க வேண்டும். வில்லியனூர்த் தேர் வீதியில் ஏற்கெனவே உள்ள கம்பிகளே போதாதா, இன்னொரு வரிசைக் கம்பத்தை யார் நடுவார்? அடுத்தவர் கம்பியிலேயே விற்க வழிசெய்யும் திருத்த மசோதா 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவைக்கு வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது, அந்த அவைக்காலத்தில் சட்டமாகவில்லை. வெளியே மின்சாரம் வாங்கிக்கொள்ளும் திறந்த அணுகல் உரிமை முதலில் 1 மெகாவாட்டுக்கு மேற்பட்டவர்களுக்கு எனத் திறக்கப்பட்டது. 2022இல் பசுமை மின்சாரத்துக்கு மட்டும் அது 100 கிலோவாட்டாக இறங்கியது. ஆலைக்கு ஆகும், வீட்டுக்கு எட்டாது.

தேர்வு உள்ள இடங்கள்

இந்தியாவில் வீட்டுக்காரர் நிஜமாகவே விற்பவரை மாற்றிக்கொண்ட இடம் மும்பையின் புறநகர். தமிழர்கள் நிறைய வாழும் செம்பூரும் அதில் அடக்கம். சில்லறையில் விற்க டாடா பவருக்கு உரிமை உண்டு என்று 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மகாராஷ்டிர ஆணையம் மாறும் முறையை வகுத்தது. கம்பி ரிலையன்ஸுடையது (2018 முதல் அதானியுடையது), பில் டாடாவுடையது. கம்பிக்கு வாடகை தனி. நிறைய செலவழிக்கும் வீடுகள் போய்விட்டால் மீதமுள்ள ஏழை வீடுகளை யார் தாங்குவது என்ற வழக்கு உடனே வந்தது. 2012இல் 300 யூனிட்டுக்குள் உள்ள வீடுகள்தான் மாறலாம் என்று ஆணையம் கட்டுப்பாடு விதித்தது.

புதுச்சேரிக்கும் இதே முடிச்சுதான். முதல் ஸ்லாபின் விலை, மின்சாரம் வாங்கி வந்து சேர்க்கும் செலவுக்குக் கீழே இருக்கிறது. அந்தப் பள்ளத்தைச் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் போன்ற தொழிற்பேட்டைகளின் உயர் அழுத்த நுகர்வோரும் அரசின் மானியமும் நிரப்புகின்றன. போட்டி வந்தால் புதியவர் முதலில் கதவைத் தட்டுவது தொழிற்பேட்டையைத்தான்.

சிங்கப்பூர் 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் சோதனை பார்த்து, 2019 மே மாதத்துக்குள் எல்லா வீட்டுக்கும் சந்தையைத் திறந்தது. எஸ்.பி. குழுமத்தின் அரசு விகிதம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும்; தனியார் விற்பனையாளர்களோ நிலையான விலை அல்லது அந்த விகிதத்தில் தள்ளுபடி என்று இரண்டு வகைத் திட்டம் தருகிறார்கள். 2021இல் எரிவாயு விலை எகிறியபோது ஐஸ்விட்ச் உட்பட சில நிறுவனங்கள் கடையைக் கட்டின. அவற்றின் வாடிக்கையாளர்கள் எஸ்.பி. குழுமத்துக்கே திரும்பினார்கள், விளக்கு அணையவில்லை. பிரான்ஸ் 2007 ஜூலை 1 அன்று வீடுகளுக்குத் திறந்தது. அங்கே குடியேறிய புதுச்சேரிக் குடும்பங்கள் மற்றவர்களைப் போலவே அரசு விகிதத்தையும் தனியார் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கூரைச் சூரியமின்சாரம்

கொம்யூன் வீட்டுக்காரருக்கு இன்று உள்ள ஒரே மாற்று விற்பவர் சூரியன். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. மானியம் போகக் கையிலிருந்து 1 லட்சம் போட்டதாக வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன விகிதப்படி மாதம் 250 யூனிட் செலவழிக்கும் வீடு மிச்சப்படுத்துவது 820 ரூபாய். போட்ட பணம் திரும்பப் பத்தாண்டு ஆகும். 100 யூனிட் வீட்டுக்கு மிச்சம் 225 ரூபாய்தான். 37 ஆண்டு ஆகும். அந்த வீட்டுக்குத் தகடு பொருத்தும்படியான கான்கிரீட் தளம் இருந்தால்தான் இந்தக் கணக்கும்.