அளவுகோலோடு பிறந்த இரண்டாண்டுச் செவிலியர் படிப்பு

1940களின் அமெரிக்காவில் செவிலியர் ஆக விரும்பிய பெண்கள் பெரும்பாலும் மருத்துவமனைகளே நடத்திய பள்ளிகளில்தான் சேர்ந்தனர். பயிற்சி மூன்று ஆண்டு. அதில் பெரும்பங்கு வார்டு வேலைக்கே போயிற்று. இரவுப் பணியும் மாணவியரின் தலையில்தான் விழுந்தது. படிப்பு என்ற பெயரில் மருத்துவமனைகளுக்கு மலிவாக ஆள் கிடைத்தது. 1923இல் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கை இந்த முறையின் குறைகளை எடுத்துக்காட்டியது. செவிலியர் கல்வி கல்லூரிகளுக்குச் செல்ல வேண்டும் என்று 1948இல் எஸ்தர் லூசில் பிரவுனின் அறிக்கை வற்புறுத்தியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசு அமைத்த கேடட் செவிலியர் படை, பயிற்சியை 30 மாதங்களாகச் சுருக்க முடியும் என்பதை முன்பே காட்டியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் செவிலியர் கல்வியாளர் மில்ட்ரெட் மோன்டாக் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் எழுதிய ஆய்வேடு 1951இல் நூலாக வந்தது. சிக்கலான முடிவுகளை எடுக்கும் தொழில்முறைச் செவிலியருக்கும் உதவியாளருக்கும் நடுவே, நோயாளியின் அருகிலிருந்து நேரடியாகப் பணிசெய்யும் 'நுட்பச் செவிலியர்' ஒருவர் தேவை என்பது அவர் வாதம். அவரை உருவாக்க ஜூனியர் கல்லூரியில் இரண்டு ஆண்டு போதும். அசோசியேட் பட்டமே அந்தப் படிப்பின் முடிவு, மேற்படிப்புக்கான படியன்று.

மோன்டாக்கின் சிறப்பு, யோசனையைச் சொல்லிவிட்டு நிற்காமல் அதைச் சோதனைக்கு உட்படுத்தியதுதான். பெயர் வெளியிடாத ஒருவர் கொடுத்த 1,10,000 டாலர் நன்கொடையில், 1952 தொடங்கி ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று நடந்தது. ஏழு ஜூனியர் கல்லூரிகளும் ஒரு மருத்துவமனைப் பள்ளியும் அதில் பங்கேற்றன. பாடத்திட்டம் மாறியது. வார்டு வேலைக்காக அல்லாமல், கற்பதற்காகவே மாணவியர் நோயாளிகளிடம் அனுப்பப்பட்டனர். படித்து முடித்தவர்கள் இரு வழிகளில் மதிப்பிடப்பட்டனர்: மாநில உரிமத் தேர்வில் தேறினார்களா, வேலையில் சேர்ந்தபின் அவர்களின் மேற்பார்வையாளர்கள் என்ன சொன்னார்கள். தேர்வு எழுதியவர்களில் பத்தில் ஒன்பது பேர் தேறினர். மற்றப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களுக்கு இவர்கள் குறைந்தவர்கள் அல்லர் என்று மேற்பார்வையாளர்களில் பெரும்பாலோர் கருதினர். 1959இல் இம்முடிவுகள் நூலாயின. கெல்லாக் அறக்கட்டளையின் பண உதவியுடன் கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, நியூயார்க், டெக்சாஸ் மாநிலங்களில் படிப்பு பரவியது.

ஆனால் தேர்ந்தெடுத்த அளவுகோலிலேயே ஒரு முரண் இருந்தது. உரிமத் தேர்வு எல்லாருக்கும் பொதுவானது. மூன்றாண்டு படித்தவரும் நான்காண்டு படித்தவரும் எழுதுவதும் அதே தேர்வுதான். அதில் தேறிய இரண்டாண்டுப் பட்டதாரிக்கும் அதே பதிவுச் செவிலியர் உரிமம் கிடைத்தது. மருத்துவமனையும் அதே வேலையைக் கொடுத்தது. மோன்டாக் வரைந்த நுட்பச் செவிலியர் என்ற தனி நிலை நடைமுறையில் உருவாகவே இல்லை. இளங்கலைப் பட்டம் தொழில்முறைச் செவிலியருக்கு, அசோசியேட் பட்டம் நுட்பச் செவிலியருக்கு என்று அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1965இல் பிரித்துச் சொன்னபோது, இரண்டாண்டுப் படிப்பை நடத்திய சமுதாயக் கல்லூரிகள் கடுமையாக எதிர்த்தன. வடக்கு டகோட்டா மாநிலம் மட்டும் 1987இல் அந்தப் பிரிவினையை நடைமுறைப்படுத்தி, 2003இல் கைவிட்டது.

அதே 2003இல் லிண்டா ஐக்கனும் உடன் ஆய்வாளர்களும் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து, இளங்கலை படித்த செவிலியரின் விகிதம் கூடிய இடங்களில் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு குறைவாக இருப்பதாகக் கண்டனர். தேர்வு முடிவு சொல்லாத ஒன்றை, நோயாளி பிழைத்தாரா என்பதை, இந்த ஆய்வு அளந்தது. ஆயினும் தேர்ச்சி விகிதம், படிப்பை முடிப்போர் விகிதம், வேலைவாய்ப்பு ஆகியவற்றைக் கொண்டே அங்கீகார அமைப்புகள் இரண்டாண்டுப் படிப்பை இன்றும் மதிப்பிடுகின்றன. நியூயார்க்கோ 2017இல் வேறு வழியை எடுத்தது: புதிய பதிவுச் செவிலியர் பத்தாண்டுக்குள் இளங்கலைப் பட்டம் பெற வேண்டும் என்று சட்டம் இயற்றியது. மோன்டாக் முடிவான பட்டமாகக் கருதியது அங்கே முதல் படியாகிவிட்டது.